வானொலி நிகழ்ச்சிக்குப் புது இசை தேட பேண்ட்கேம்ப்: எது கைகொடுக்கும், எது காலை வாரும்

நாட்டார் இசையையும் சோதனை பாப்பையும் (புது ஒலிகளையும் வடிவங்களையும் முயன்று பார்க்கும் பாப் இசை) வாராவாரம் ஒரு மணி நேரம் ஒலிபரப்ப, பேச்சு நேரம் போக, பன்னிரண்டு பாடல்கள் போதும். அந்தப் பன்னிரண்டைக் கண்டுபிடிக்க நூறு ஆல்பங்களையாவது தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். இந்த வேலைக்கு இன்று இருக்கும் இணையச் சேவைகளில் பேண்ட்கேம்ப்தான் முதலிடம். காரணம் அதன் தேடுபொறி அல்ல, அது சுமார்தான். யார் எதைக் காசு கொடுத்து வாங்கினார்கள் என்பதை அது வெளிப்படையாகக் காட்டுகிறது. தேடலில் பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும். ஆனால் அங்கிருந்து இறக்கும் கோப்பு அப்படியே ஒலிபரப்புக்குத் தயாராக இருக்காது. பலர் சறுக்குவது அங்கேதான்.

2008-இல் தொடங்கிய சேவை இது. கலைஞரோ லேபிளோ (இசை வெளியீட்டு நிறுவனம்) தாமே பக்கம் திறந்து, இசையைத் தாமே ஏற்றி, விலையைத் தாமே வைக்கிறார்கள். டிஜிட்டல் விற்பனையில் பேண்ட்கேம்ப் எடுப்பது 15 சதவீதம். ஒரு கலைஞரின் விற்பனை 5,000 டாலரைத் தாண்டினால் 10 சதவீதம். பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. ஸ்பாட்டிஃபையில் 2024 முதல் பன்னிரண்டு மாதத்தில் 1,000 முறைக்குக் குறைவாகக் கேட்கப்பட்ட பாட்டுக்குப் பதிவு உரிமைப் பணமே கிடையாது. நாட்டார் இசையிலும் சோதனை இசையிலும் இருக்கும் பலர் அந்தக் கோட்டுக்குக் கீழே நிற்பவர்கள். அவர்கள் தங்கள் புதுப் பதிவை முதலில் கொண்டுவந்து வைக்கும் இடம் பேண்ட்கேம்ப்தான். தேடுபவரும் அங்கேதான் போக வேண்டும்.

டேக்கை நம்பி இறங்கினால்

புதிதாக வருபவர் எல்லோரும் முதலில் செய்வது கண்டறியும் பக்கத்தைத் திறந்து, ஃபோக் (நாட்டார் இசை) என்ற வகையைத் தேர்ந்து, புதுவரவு என்று வரிசைப்படுத்துவது. இதில் பலன் குறைவு. டேக்குகளை, அதாவது இசை வகையைச் சொல்லும் குறிச்சொற்களை, போடுவது கலைஞர்களே. சரிபார்க்க யாரும் இல்லை. ஃபோக் என்று தேடினால் கித்தாரோடு தனியாகப் பாடும் பாடகர்கள், ஃபோக் பங்க், ஃபோக் மெட்டல் எல்லாம் கலந்து வரும். எக்ஸ்பெரிமென்டல் இன்னும் மோசம்: இரைச்சல் இசை, ஒரே சுரத்தை நீட்டி மணிக்கணக்கில் ஓடும் டிரோன் இசை, ஒரே ஆள் ஒரே மாதத்தில் ஏற்றிய ஆல்பங்கள் என்று பக்கம் பக்கமாக நிரம்பியிருக்கும். புதுவரவு என்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. பழைய பதிவை இன்று ஏற்றியவரும் அந்த வரிசையில் நிற்பார். ஆல்பம் பக்கத்தின் கீழே வெளியான தேதி இருக்கும். அதுவும் கலைஞர் இட்டதுதான். ஆல்பக் குறிப்பை முழுக்கப் படித்துவிட்டுத்தான் 'இந்த வாரம் வெளியானது' என்று மைக்கில் சொல்ல வேண்டும்.

டேக் பயன்பட வேண்டுமானால் இரண்டு வழி உண்டு. ஒன்று, வகையோடு ஊரையோ நாட்டையோ சேர்ப்பது. ஃபோக் என்று மட்டும் தேடுவதைவிட, டிரெடிஷனல் என்பதோடு ஒரு நாட்டின் பெயரைச் சேர்த்தால் பட்டியல் சட்டென்று சுருங்கி, தரமும் ஏறும். இரண்டு, அந்தந்த மொழியின் சொல்லிலேயே தேடுவது. ஃபின்லாந்துக் கலைஞர் கன்சன்முசீக்கி என்றும், ஹங்கேரியர் நேப்ஸெனே என்றும் நாட்டார் இசைக்குத் தங்கள் மொழியில் டேக் போடுவார்கள். ஆங்கில டேக்குகளை மட்டும் தட்டுகிறவர் கண்ணில் இவை படவே படாது. அந்த மொழியின் எழுத்திலேயே, உச்சரிப்புக் குறிகளோடு தட்டச்சு செய்யுங்கள். சோதனை பாப்பில் இது அவ்வளவாக எடுபடாது. அங்கே ஆர்ட் பாப், அவான்ட் பாப், லோ-ஃபை என்ற மூன்றையும் தனித்தனியாகப் பார்ப்பது நல்லது. ஒன்றில் கிடைப்பவர் மற்றொன்றில் இருக்க மாட்டார்.

வாங்கியவர்களைப் பின்தொடருங்கள்

ஒவ்வொரு ஆல்பம் பக்கத்திலும், அதை வாங்கியவர்களின் சின்னச் சின்னப் படங்கள் வரிசையாக இருக்கும். பலர் அதை அலங்காரம் என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். அந்தப் படத்தைச் சொடுக்கினால் அவர் இதுவரை வாங்கிய எல்லாம் விரியும். நிகழ்ச்சித் தயாரிப்பாளருக்கு இந்தச் சேவை தரும் பெரிய கொடை இதுதான்.

யாரைத் தொடர்வது என்பதில்தான் நிதானம் வேண்டும். ஐந்தே ஆல்பம் வாங்கியவர் பெரும்பாலும் அந்தக் கலைஞரின் நண்பர். பல ஆயிரம் வாங்கிக் குவித்தவருடைய தொகுப்பிலிருந்து ரசனை எதுவும் பிடிபடாது. இரண்டுக்கும் நடுவே, சில நூறு வாங்கியவர்களைப் பாருங்கள். உங்களுக்குப் பிடித்த மூன்று ஆல்பங்கள், மூன்றும் வெவ்வேறு லேபிளிலிருந்து, வெவ்வேறு நாட்டிலிருந்து, ஒருவரது தொகுப்பில் இருந்தால் அவரை ஃபாலோ செய்யலாம். அப்படி இருபது பேர் சேர்ந்ததும் உங்கள் ஃபீடில் அவர்கள் வாங்குவது தானாக வந்து விழும். இருபதுக்கு மேல் போனால் ஃபீடைப் படிக்கவே நேரம் போதாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, உங்களுக்கு எதுவும் தராதவர்களை நீக்கிவிடுங்கள்.

வாங்கியவர் சிலர் இரண்டு வரி கருத்தும், தமக்குப் பிடித்த ட்ராக் எது என்பதும் எழுதியிருப்பார்கள். இதை விட்டுவிடக் கூடாது. ஆல்பத்தின் முதல் பாட்டுதான் சிறந்தது என்று இந்த வகை இசையில் சொல்லவே முடியாது. சோதனை பாப் ஆல்பங்கள் பலவும் ஒரு நிமிட ஒலிக்கோலத்தோடு தொடங்கும். வானொலிக்குப் பொருந்தும் பாட்டு நான்காவதாகவோ ஏழாவதாகவோ இருக்கும். வாங்கிய மூன்று பேர் ஒரே ட்ராக்கைச் சொல்லியிருந்தால் அங்கிருந்து கேட்கத் தொடங்குங்கள்.

ஒரு சிக்கல் உண்டு. ஒரே ஆல்பம் பல பக்கங்களில் இருக்கலாம். இந்தோனேசியாவின் செனியாவா இரட்டையர் 2021-இல் ஓர் ஆல்பத்தை உலகெங்கும் நாற்பதுக்கும் மேற்பட்ட சிறு லேபிள்கள் வழியாக வெளியிட்டார்கள். அட்டை மாறும், சில பதிப்புகளில் ரீமிக்ஸ் சேரும், வாங்கியவர் பட்டியலும் சிதறிக் கிடக்கும். இப்படிப்பட்டதைக் காணும்போது ஒரே பக்கத்தோடு நின்றுவிடாதீர்கள். ஒவ்வொரு லேபிளின் பக்கமும் வேறொரு ஊரின் இசைக் கூட்டத்துக்கு வழி காட்டும்.

லேபிள்களைப் பொறுத்தவரை, பத்துப் பதினைந்தைத் தொடர்ந்தால் போதும். ஆப்பிரிக்க நாட்டார் இசைக்கும் மின்னணு இசைக்கும் இடையே நடப்பதைத் தெரிந்துகொள்ள கம்பாலாவின் ந்யேகே ந்யேகே டேப்ஸ். சகாராப் பகுதிக்கு சஹேல் சவுண்ட்ஸ். பல நாட்டு வீதி இசைக்கும் வானொலிப் பதிவுகளுக்கும் சப்லைம் ஃப்ரீக்வென்சீஸ். ஆவணப் பதிவுகளுக்கு ஸ்மித்சோனியன் ஃபோக்வேஸ். ஃபோக்வேஸ் 1948-இல் தொடங்கி 1987-இல் ஸ்மித்சோனியன் நிறுவனத்திடம் சேர்ந்தது. அதன் பழைய தட்டுகளுக்கான குறிப்பேடுகள் ஒவ்வொன்றும் ஒரு பாடப்புத்தகம். புதுப் பாடகர் ஒருவர் பழைய மெட்டை எடுத்தாண்டால், அதன் மூலத்தைத் தேட அங்கே போகலாம். லேபிளைத் தொடர்ந்தால் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் மின்னஞ்சல் வரும். அதற்கென்று தனி முகவரி வைத்துக்கொள்ளாவிட்டால் மற்ற அஞ்சல்கள் மூழ்கிப்போகும்.

ஆல்பம் பக்கத்தின் குறிப்பில் இன்னொரு புதையலும் உண்டு. பதிவு செய்தவர், மாஸ்டர் செய்தவர் (ஒலியை இறுதியாகச் சீரமைத்தவர்), ஓரிரு பாட்டில் மட்டும் வயலின் வாசித்தவர் என்ற பெயர்கள். சின்ன இசைக் கூட்டங்களில் ஒரே ஒலிப்பொறியாளர் பத்துப் பேருடைய ஆல்பத்தைச் செய்திருப்பார். பேண்ட்கேம்ப்பின் சொந்தத் தேடல் பெட்டி கலைஞர், ஆல்பம், ட்ராக் பெயர்களைத்தான் நன்றாகப் பிடிக்கும். குறிப்பில் இருக்கும் பெயரைப் பிடிக்க, பொதுத் தேடுபொறியில் இந்தத் தளத்துக்குள் மட்டும் தேடும்படி கட்டளை கொடுத்து, பெயரை மேற்கோள் குறிக்குள் இடுங்கள்.

பேண்ட்கேம்ப்பின் சொந்த இணைய இதழான பேண்ட்கேம்ப் டெய்லியின் கட்டுரைகள் பின்னணி தெரிந்துகொள்ள நல்லவை. களப்பதிவு (ஸ்டுடியோவுக்கு வெளியே, ஒலி பிறக்கும் இடத்திலேயே எடுத்த பதிவு), சோதனை இசை போன்றவற்றுக்கென்று தனிப் பத்திகளும் வருகின்றன. ஆனால் இந்த இசையை ஒலிபரப்பும் எல்லோரும் அதைப் படிக்கிறார்கள். அதையே நம்பினால் உங்கள் நிகழ்ச்சியும் அடுத்தவர் நிகழ்ச்சியும் ஒன்றுபோல ஆகிவிடும்.

கேட்கும் முறை

தளத்தில் இலவசமாகக் கேட்பது 128 கேபிபிஎஸ் (நொடிக்கு 128 கிலோபிட்) எம்பி3, அதாவது அளவைக் குறைக்க ஒலியின் ஒரு பகுதியை விட்டுவிட்ட கோப்பு. பாட்டைத் தேர்வு செய்ய அது போதும். ஒலித்தரத்தை எடைபோட அது போதாது. உயர்ந்த அதிர்வெண்கள் மங்கித்தான் கேட்கும். முதல் முப்பது நொடி, பிறகு ஏறத்தாழ முக்கால் பங்கில் ஒரு முப்பது நொடி என்று கேட்டால், மெதுவாக விரியும் பாட்டுகளைத் தவறவிட மாட்டீர்கள். பிடித்ததை விஷ்லிஸ்ட்டில் போடுவதோடு நிறுத்தாமல் ஒரு விரிதாளிலும் குறியுங்கள்: கலைஞர், ட்ராக், நேரம், ஊர், மொழி, பாட்டு தொடங்கும் விதம், முடியும் விதம். விரிதாளின் இந்தக் கடைசி இரண்டு பத்திகளும்தான் நிகழ்ச்சியைக் கோக்கும்போது கைகொடுக்கும். சட்டென்று அறுந்து நிற்கும் பாட்டுக்குப் பின் என்ன வைப்பது என்று கடைசி நேரத்தில் தேட வேண்டியிருக்காது.

முன்பதிவுக்கு வைத்திருக்கும் ஆல்பங்களில் ஓரிரு பாட்டுகளை முழுதாகக் கேட்கலாம். வெளியீட்டுக்குச் சில வாரம் முன்பே பாட்டைப் பிடிக்க இது நல்ல வழி. முன்பதிவு செய்தவுடன் அந்த ஓரிரு பாட்டுகளை மட்டும் இறக்க முடியும். மீதி வெளியாகும் நாளில்தான்.

பேண்ட்கேம்ப் வெள்ளி பற்றியும் சொல்ல வேண்டும். 2020 மார்ச் 20 அன்று, பெருந்தொற்றில் கச்சேரி இல்லாமல் தவித்த கலைஞர்களுக்காகத் தன் பங்கை ஒருநாள் விட்டுக்கொடுத்தது பேண்ட்கேம்ப். பிறகு அது குறிப்பிட்ட மாதங்களின் முதல் வெள்ளிக்கிழமைகளில் தொடர்ந்தது. அந்த நாளில் வெளியீடுகள் கொட்டும். புதுவரவுப் பக்கத்தில் உருப்படியாக எதையும் தேட முடியாது. அதற்கு முந்தைய வாரம் கேட்டு முடித்து, பட்டியலைத் தயாராக வைத்து, வெள்ளியன்று வாங்க மட்டும் போங்கள். நீங்கள் கொடுக்கும் பணத்தில் கலைஞருக்குக் கூடுதலாகச் சேரும்.

இறக்கிய பிறகு

வாங்கினால் எம்பி3, ஃபிளாக், வேவ், ஏஐஎஃப்எஃப் என்று பல வடிவங்களில் இறக்கலாம். ஒலித்தரம் இழக்காமல் சுருக்கும் ஃபிளாக்கை எடுங்கள். வேவ் கோப்பில் பெயர், ஆல்பம் போன்ற விவரங்கள் சரியாக ஒட்டாது. நாற்பது கோப்பு சேர்ந்ததும் எது எவருடையது என்று தெரியாமல் போகும். ஒலிபரப்பு மென்பொருள் வேவ்தான் கேட்கும் என்றால், ஃபிளாக்கைக் காப்பாக வைத்துக்கொண்டு அதிலிருந்து மாற்றுங்கள்.

மாற்றும்போது மாதிரி வீதத்தை (ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளந்து பதிந்தார்கள் என்பதை) பார்க்கத் தவறாதீர்கள். பேண்ட்கேம்ப்பில் 44.1, 48, 96 கிலோஹெர்ட்ஸ் என்று கலந்துதான் கிடைக்கும். சில பழைய ஒலிபரப்பு அமைப்புகள் எல்லாவற்றையும் ஒரே வீதம் என்று எண்ணி ஓட்டும். 44.1-இல் உள்ள கோப்பு 48-இல் ஓடினால் ஏறத்தாழ ஒன்பது சதவீதம் வேகம் கூடி, சுருதி ஒன்றரை அரைச்சுரம் ஏறிவிடும். தெரிந்த பாட்டென்றால் உடனே காதில் உறுத்தும். முதன்முறை கேட்கும் நாட்டுப் பாட்டில் யாருக்கும் தெரியாது. பாடகியின் குரல் மட்டும் வேறொருவருடையது போல ஒலித்துக்கொண்டிருக்கும்.

தொகுப்பு ஆல்பங்களில் இன்னொரு தொல்லை. லேபிள் பக்கத்திலிருந்து இறக்கினால் பல நேரம் கலைஞர் இடத்தில் லேபிளின் பெயர் உட்கார்ந்திருக்கும். பாடியவர் பெயர் பாட்டுத் தலைப்போடு கோடு போட்டு ஒட்டியிருக்கும். இதைத் திருத்தாமல் பட்டியல் அனுப்பினால் உரிமைப் பணம் போக வேண்டியவருக்குப் போகாது.

கலைஞர்கள் ஏற்றும் கோப்பு இழப்பில்லா வடிவில் இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் எம்பி3-ஐ வேவாக மாற்றி ஏற்றுகிறவர்களும் உண்டு. நிறமாலைக் காட்சியில் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் படத்தில்) போட்டுப் பாருங்கள். 16 கிலோஹெர்ட்ஸில் சுவர் எழுப்பியது போல ஒரே கோட்டில் ஒலி நின்றுவிட்டால் அது பெரும்பாலும் எம்பி3-இலிருந்து வந்தது. பழைய ஒலிநாடாப் பதிவிலும் உயர்ந்த அதிர்வெண் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே ஒலி சரிவாக மெல்லத் தேயும், கோடு விழாது. இந்த வித்தியாசம் தெரியாமல் அருமையான களப்பதிவுகளைத் தரமில்லை என்று ஒதுக்கிவிடக் கூடாது.

ஒலியளவு அடுத்தது. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியத்தின் ஆர்128 அளவுகோல் மைனஸ் 23 எல்யூஎஃப்எஸ். இது காதுக்குத் தெரியும் ஒலியளவின் அலகு; எண் சுழியத்தை நெருங்க நெருங்கச் சத்தம் கூடும். சோதனை பாப் ஆல்பங்கள் மைனஸ் 8 வரை இறுக்கி மாஸ்டர் செய்யப்பட்டிருக்கும்; ஒரு கிழவி அடுப்படியில் பாடிய பதிவு மைனஸ் 25-இல் இருக்கலாம். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் கேட்பவர் கை வானொலியின் குமிழை விட்டு நகராது. ஒவ்வொரு ட்ராக்கையும் அளந்து, உங்கள் நிலையத்தின் அளவுக்கு ஒலியைக் கூட்டியோ குறைத்தோ வையுங்கள். அமுக்கிகளை (உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கும் கருவிகளை) தொடாதீர்கள், மெல்லிய பதிவை அமுக்கித் தூக்கினால் மூச்சும் நாடா இரைச்சலும் முன்னால் வந்து நிற்கும். அந்த வேலையை ஒலிபரப்புச் சங்கிலியில் இருக்கும் கருவி எப்படியும் கொஞ்சம் செய்யும். நீங்களும் செய்தால் இரட்டிப்பாகும்.

மோனோவில், அதாவது இடம் வலம் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, ஒருமுறை கேட்பது கட்டாயம். சோதனை பாப்பில் குரலை அகலமாக்க, இடம் வலம் இரண்டிலும் எதிரெதிர் கட்டத்தில் (ஒன்றின் அலை ஏறும்போது மற்றொன்றின் அலை இறங்கும்படி) ஒலியைப் பரப்புவது வழக்கம். ஹெட்ஃபோனில் அற்புதமாக இருக்கும். சமையலறை வானொலியில், அல்லது சிக்னல் பலவீனமான எஃப்எம்மில், இரண்டும் ஒன்றாகச் சேரும்போது குரல் பாதி காணாமல் போகும். இரு பக்க ஒலியும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் கட்ட ஒப்பீட்டு மீட்டர் அடிக்கடி சுழியத்துக்குக் கீழே போனால் அதே ஆல்பத்தில் வேறு பாட்டை எடுங்கள். கலைஞரின் கலவையைத் திருத்துவதைவிட அது மேல்.

அமைதியான பாட்டுகளுக்கு நிலையத்தின் மௌனக் கண்காணிப்புக் கருவியை நினைவில் வையுங்கள். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே ஒலி சில நொடிகள் நீடித்தால், ஒலிபரப்பு அறுந்துவிட்டது என்று எண்ணி அது மாற்று இசையை ஓட்டிவிடும். உங்கள் நிலையத்தில் அந்த அளவு என்ன, எத்தனை நொடி என்று பொறியாளரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொண்டால், எந்தப் பாட்டின் மேல் இரண்டு வாக்கியம் பேச வேண்டும் என்று முன்பே தெரியும்.

பிரவுசரிலிருந்து நேரடியாக ஒலிபரப்பவே வேண்டாம். 128 கேபிபிஎஸ் ஒரு காரணம். இணையம் திக்குவது இன்னொன்று. வாங்காமல் சிலமுறை கேட்டதும் வாங்கச் சொல்லும் பலகை வந்து பாட்டை நிறுத்துவதும் உண்டு.

உரிமையும் பெயர்களும்

இங்கே வாங்குவது சொந்த உபயோகத்துக்கு. ஒலிபரப்பும் உரிமை உங்கள் நிலையம் உரிமைச் சங்கங்களோடு வைத்திருக்கும் ஒப்பந்தத்திலிருந்து வருகிறது. நிகழ்ச்சியைப் பிறகு கேட்கும்படி இணையத்தில் வைப்பதும் பாட்காஸ்டாகத் தருவதும் வேறு உரிமைகள். நேரலை ஒப்பந்தம் அவற்றையும் தாங்கும் என்று எண்ணிவிட வேண்டாம். கலைஞர் பக்கத்தில் தொடர்புக்கான இணைப்பு இருக்கும். எந்த ட்ராக், எந்தத் தேதி, எவ்வளவு நாள் இணையத்தில் இருக்கும் என்று நாலு வரியில் கேளுங்கள். சிறு கலைஞர்கள் பெரும்பாலும் மகிழ்ச்சியோடு சம்மதிப்பார்கள். அதே அஞ்சலில் பெயரை எப்படி உச்சரிப்பது என்று ஒரு குரல் பதிவும் கேளுங்கள்.

பாடல் பட்டியலில் ஐஎஸ்ஆர்சி எண் தேவைப்படும். ஒவ்வொரு ஒலிப்பதிவையும் அடையாளம் காட்டும் இந்தப் பன்னிரண்டு இடக் குறியீடு (எழுத்தும் எண்ணும் கலந்தது) பேண்ட்கேம்ப் பக்கத்தில் தெரியாது. இந்தச் சேவையின் பெரிய குறை என்று இதைத்தான் சொல்வோம். சர்வதேச ஒலிப்பதிவுத் தொழில் கூட்டமைப்பின் தேடல் தளத்திலோ மியூசிக்பிரெயின்ஸ் என்ற திறந்த இசைத் தரவுத்தளத்திலோ கிடைக்கலாம். இல்லாவிட்டால் கலைஞரிடம்தான் கேட்க வேண்டும். பலர் எண்ணே வாங்கியிருக்க மாட்டார்கள். அப்போது எழுதியவர், இசையமைத்தவர், நீளம் மூன்றையும் துல்லியமாகக் கொடுங்கள்.

நாட்டார் இசையில் 'மரபுப் பாடல்' என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்துவது அநியாயம். பாடல் மரபாக இருக்கலாம். அதை இந்த வடிவில் அமைத்தவர் ஒருவர் இருக்கிறார். பட்டியலில் 'மரபுப் பாடல், அமைப்பு இன்னார்' என்று எழுதினால்தான் அவருக்குரியது போகும். ஆல்பக் குறிப்பில், எந்த ஊரில் எந்தப் பாடகியிடம் கற்றது என்று இருந்தால் அந்தப் பெயரை மைக்கில் சொல்லுங்கள். களப்பதிவு என்றால், பாடியவர் பெயர் இருக்கிறதா, பதிவு செய்தவர் பெயர் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு செய்தவரைப் பெரிதாகப் போட்டு, பாடியவர்களை 'கிராமத்துப் பெண்கள்' என்று முடித்துவிடும் வெளியீடுகள் இன்னும் வருகின்றன. எழுதிக் கேட்டால் லேபிள் பெயர்களைத் தேடித் தருவதும் உண்டு. கிடைக்காவிட்டால், அதே மரபில் பெயரோடு வந்த வேறொரு பதிவை எடுக்கலாம்.

2022 மார்ச்சில் எபிக் கேம்ஸ் என்ற வீடியோ விளையாட்டு நிறுவனம் பேண்ட்கேம்ப்பை வாங்கியது. 2023-இல் சாங்ட்ரேடர் என்ற இசை உரிம நிறுவனத்துக்கு விற்றது. அந்தக் கைமாற்றத்தில் ஊழியர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் வேலை இழந்தார்கள். சேவை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. முழுக்கவோ பெரும்பகுதியோ செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய இசைக்கு இடமில்லை என்று 2026 தொடக்கத்தில் அறிவித்ததும் வரவேற்க வேண்டியது. ஆனாலும் வாங்கியதை அதன் பொறுப்பிலேயே விட்டுவைக்க வேண்டாம். கலைஞர் பக்கத்தை மூடிவிடலாம், ஆல்பத்தை எடுத்துவிடலாம். வாங்கிய அன்றே இறக்கி, ஆல்பம் பக்கத்தின் குறிப்பையும் நகலெடுத்து, அதே அடைவில் ஓர் உரைக் கோப்பாகச் சேமியுங்கள். பாடியவர் பெயரும் கற்ற இடமும் அந்தக் குறிப்பில் மட்டும்தான் இருக்கும். இறக்கிய கோப்போடு அவை வருவதில்லை.